மணல் தட்டில் ஒரு கட்டிகூட இல்லை

சுப்பு எங்கள் வீட்டு ஆண் பூனை. வயது 4. போன மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, மணல் தட்டில் உட்கார்வான், முதுகை வளைத்து முக்குவான், எழுந்து வேறு மூலையில் மறுபடி உட்கார்வான். மலச்சிக்கல் என்று முடிவுகட்டி அம்மா தயிர்சாதம் வைத்தார். (அம்மாவுக்கு எல்லா நோய்க்கும் தயிர்சாதம்தான்.) முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மதியம் மணலைக் கிளறினேன். சிறுநீர் பட்டால் இந்த மணல் கட்டியாகும். முந்தைய இரவுக்குப் பிறகு அப்படி ஒரு கட்டிகூடச் சேரவில்லை. பிறப்புறுப்பை ஓயாமல் நக்கினான். வயிற்றில் கைபட்டதும் அடித்தொண்டையில் அலறினான். அப்போதுதான் உறைத்தது: அடைத்திருப்பது மலமல்ல, சிறுநீர்.

ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. பொடிப்படிகங்களும் சளியும் திரண்டால் போதும், அடைத்துக்கொள்ளும். சிறுநீர் தேங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாளில் உயிரே போய்விடலாம். வயிற்றை அமுக்கிப் பார்க்கவே கூடாது, சிறுநீர்ப்பை கிழியக்கூடும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

காய்கறிக் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, ஆட்டோவில் கொண்டுபோனேன். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாயைச் செருகினார். சிவப்பாக வந்தது. மூன்று நாள் அங்கேயே இருந்தான்.

இப்போது உலர் தீனி குறைவு, ஈர உணவு அதிகம். வீட்டில் நான்கு இடங்களில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன். அவனோ குளியலறை வாளியில்தான் குடிக்கிறான்.