மூணு மாசம் தேன், ஏழு மாசம் சீனி

முட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. தேனீ வளர்க்க இறங்கியதும் எனக்கு வந்த முதல் பிரச்சினை அதுதான்.

பெட்டிக்குள் ராணி இருக்கிறதா என்று அறிய ராணியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அடையில் முட்டை இருந்தால் போதும், மூன்று நாளுக்குள் ராணி அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த முட்டையோ, வெள்ளை நூலை ஒன்றரை மில்லிமீட்டருக்கு நறுக்கி அறையின் அடியில் நட்டு வைத்தது போல இருக்கும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசானுக்கு எழுபது தாண்டியாயிற்று. அடை கட்டிய மரச்சட்டத்தை வெயிலுக்குச் சரித்துப் பிடித்துக்கொண்டு, “நல்லா பாரு மக்களே, வரிசையா நிக்கு” என்கிறார். எனக்கு அறைதான் தெரிகிறது, முட்டையைக் காணோம். வெள்ளெழுத்துக் கண்ணாடி சட்டைப் பையில் கிடக்கிறது, சட்டைக்கு மேலே முகவலை. வலையைத் தூக்கினால் ஈ உள்ளே வந்துவிடும். மறுநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே வலையை மாட்டினேன். முட்டை தெரிந்தது, கால் வைக்கிற இடம் தெரியவில்லை. தட்டுத் தட்டாக வெட்டிய ரப்பர் விளையில், அதாவது தோட்டத்தில், ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குக் குப்புற விழுந்தேன். நல்லவேளை, கையில் பெட்டி இல்லை.

அப்போது எனக்கு 48 வயது. இப்போது 52.

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் 21 வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். 2021 செப்டம்பரில் ஆள் குறைத்தார்கள். ஊருக்கு வந்தால், கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம் அப்பா விட்டுப்போன 80 சென்ட் ரப்பர் விளை. 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் அதில் பாதிக்கு மேல் மரம் சாய்ந்துவிட்டது. மறுபடி நட்ட கன்று பால் வெட்டுக்கு வர ஏழு வருடம் ஆகும். மிச்சம் நின்ற மரங்களில் வருகிற ஷீட்டும் ஒட்டுப்பாலும் வெட்டுக்கூலிக்கே சரியாகப் போயிற்று.

எங்கள் ஊரில் கல்ஃபிலிருந்து திரும்பியவன் என்ன தொழில் தொடங்குவான் என்பதற்கு எழுதாத பட்டியல் ஒன்று உண்டு. பேக்கரி, மினி சூப்பர் மார்க்கெட், இரண்டும் இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது. எனக்குத் தெரிந்து நாலு பேர் பேக்கரி வைத்தார்கள். இன்று ஒருவர் மட்டும் ஓட்டுகிறார், அதுவும் கட்டடம் சொந்தம் என்பதால்.

தேனீ எங்களுக்குப் புதிது கிடையாது. 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தைத் தொடங்கிச் சொல்லிக்கொடுத்த தொழில்களில் இதுவும் ஒன்று. அன்று எங்கள் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. என் தாத்தாவிடமே முப்பது பெட்டி இருந்தது. 90களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீயைக் கொன்றது. தாத்தா சட்டத்தைத் தூக்கிக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. புழுக்கள் பை மாதிரி உப்பி, தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தன. காலிப் பெட்டிகளை அந்த வருஷ மழைக்கு அம்மா அடுப்பில் வைத்தாள்.

தேனீ வாங்கப் போகிறேன் என்று சொன்ன இரவு என் மனைவி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எட்டு வருடம் ஒரு சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதியவள். கையில் இருந்தது மொத்தம் பதினாலு லட்சம். மகளின் படிப்புக்கு ஒரு தொகை, வீட்டுக் கடன் மிச்சத்துக்கு ஒரு தொகை, வருமானமே வராவிட்டாலும் பதினெட்டு மாதம் சாப்பிட ஒரு தொகை என்று கோடு போட்டுப் பிரித்தாள். கடைசி வரியில் நின்றது மூன்றரை லட்சம். “இஞ்ச பாருங்க, இதுதான் உங்க தேனீக்கு. இது தீந்தா பெட்டியை வித்துட்டு வேற வேலை பாக்கணும். என் கழுத்துல கிடக்கதைக் கேக்கக் கூடாது.” எனக்கு வெப்ராளமாக இருந்தது. 21 வருடம் சம்பாதித்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆனால் அந்த நோட்டு இல்லாவிட்டால் முதல் வருடமே ஐம்பது பெட்டி வாங்கியிருப்பேன். அப்படி வாங்கியிருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவள் சொல்லி நான் செய்த இன்னொரு காரியம் மருத்துவக் காப்பீடு. கம்பெனியில் இருந்தவரை அந்த நினைப்பே இருந்ததில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்று சில வருடத்தைத் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால் ஊருக்கு வந்த மறுமாதமே எடுத்தோம். தேவை வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் நடக்காது.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு ஆன்லைனில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். அதற்கு ஒரு பிரௌசிங் சென்டரில் என்னிடம் 1,500 ரூபாய் கேட்டார்கள். எழுந்து வந்து, மகளை உட்கார வைத்து அரை மணி நேரத்தில் முடித்தேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு, நான் எடுத்த சமயம் வருடத்துக்கு நூறு ரூபாய், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால்.

கடன் கதை வேறு. சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீத மானியம், அதிகபட்சம் பத்து லட்சம் என்று கேட்டதும் நாக்கில் தண்ணீர் ஊறியது. விசாரித்தால், அந்த மானியம் கையில் பைசாவாக வராது. வங்கியில் தனிக் கணக்கில் மூன்று வருடம் கிடக்கும். தவணையை ஒழுங்காகக் கட்டினால் கடைசியில் கடனில் கழித்துக்கொள்வார்கள். அதாவது மூன்று வருடம் என் சொந்த வருமானத்தில் தவணை கட்டியாக வேண்டும். தேன் எப்போது வரும், எவ்வளவு வரும் என்றே தெரியாதவன் எதை நம்பித் தவணைத் தேதியை ஒப்புக்கொள்வது? ஒரு முழு வருடக் கணக்கு கைக்கு வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

2022 ஜனவரியில் பத்துப் பெட்டி வாங்கினேன், கூட்டத்தோடு ஒன்று 1,800 ரூபாய். ரப்பர் மார்கழி, தை வாக்கில் இலை உதிர்த்துவிட்டுத் துளிர்க்கும். தேன் வருவது பூவிலிருந்து இல்லை, அந்தத் துளிரிலிருந்து. மூன்று இலைகளும் சேருகிற காம்பு முனையில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன, அங்கிருந்து கசியும். காலையில் விளைக்குள் நின்றால் தலைக்கு மேலே ஒரு மோட்டார் ஓடுவது போலச் சத்தம் கேட்கும். இலை முற்றினால் கசிவு நின்றுவிடும். மாசியில் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். இலையில் சாம்பல் நோய் வந்தாலும் போயிற்று. எப்படிப் பார்த்தாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாதம்தான்.

அந்த மூன்று மாதத்தில் 41 கிலோ எடுத்தேன். பெருமை தாங்கவில்லை. அடையை ஈக்கள் மெழுகால் மூடும்வரை பொறுக்க வேண்டும் என்று ஆசான் சொன்னதைக் காதில் வாங்காமல், பாதி மூடியதும் மூடாததுமாக எந்திரத்தில் போட்டுச் சுற்றித் தேன் எடுத்தேன். வடிகட்டி, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, நாகர்கோவிலில் ஒரு கடைக்கு இருபது பாட்டில் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் கடைக்காரர் போன் பண்ணினார். “அண்ணாச்சி, உங்க தேன் பொங்குது.”

போய்ப் பார்த்தால் அலமாரியில் நாலு பாட்டிலின் மூடி தூக்கிக்கொண்டு நிற்கிறது. கழுத்து வழியாக நுரை வழிந்து லேபிள் ஊறி, கடை முழுக்கக் கள்ளு வாசனை. ஒரு மூடியைத் திறந்தேன், சோடா மாதிரி ‘புஸ்’ என்றது. ரப்பர் தேனில் இயல்பாகவே ஈரம் அதிகம். மூடாத அடையில் இன்னும் அதிகம். உணவுத் தர விதிப்படி இருபது சதவீதத்தைத் தாண்டக் கூடாது, என்னுடையது எவ்வளவு இருந்ததோ, அளக்கக் கருவியே கிடையாது. கடைக்காரர் திட்டவில்லை, துணியை நனைத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. இருபது பாட்டிலையும் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பைக்குள் ‘புஸ்’. பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதன் பிறகு ஈரம் அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினேன். ஒரு சொட்டுத் தேனை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் அளவு தெரியும். சரி, அதையும் கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் பொங்கிய தேன் பெரிய நஷ்டம் கிடையாது. பெரிய நஷ்டம் மழைக்காலத்தில் சத்தமில்லாமல் நடந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை: ஆனி, ஆடியில் ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஒன்று. ஜூன் முதல் டிசம்பர் வரை ஈக்கு வெளியே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி, நாலு ஈர்க்குச்சியை மிதக்க விட்டு உள்ளே வைக்க வேண்டும். குச்சி இல்லாவிட்டால் ஈ பாகில் மூழ்கிச் செத்துப்போகும். அந்திக்கு மேல் வைக்க வேண்டும், பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டிக்காரி கொள்ளையடிக்க வந்துவிடுவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் செய்யவில்லை. வரவே இல்லாத மாதத்தில் வாராவாரம் செலவு செய்ய மனசு வரவில்லை. மாதச் சம்பளத்தில் 21 வருடம் பழகிய உடம்பு. ஒரு வாரம் வைத்தால் மறுவாரம் மழை என்று போகமாட்டேன். புரட்டாசியில் திறந்து பார்த்தபோது பத்தில் ஆறு பெட்டி காலி. கூட்டம் பறந்துவிட்டிருந்தது. அடை முழுக்க மெழுகுப் பூச்சி வலை பின்னி, கையில் எடுத்தால் சாம்பல் மாதிரி உதிர்ந்தது.

மனைவி நோட்டை எடுத்தாள். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனி. பத்துப் பெட்டிக்கு 28 வாரத்தில் 56 கிலோ. அன்றைய விலையில் 2,400 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். காலியான ஆறு பெட்டிக்கும் கூட்டத்தோடு நான் கொடுத்த விலை 10,800 ரூபாய். அவள் ஒன்றும் சொல்லாமல் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, நோட்டைத் திறந்தபடியே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

அதிலிருந்து ஏப்ரலில் தேன் விற்ற பணம் வந்ததும் முதல் வேலையாகச் சீனிக் காசை எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுவோம். மிச்சம்தான் லாபம். இப்போது அறுபது பெட்டி. 336 கிலோ சீனி, சுமார் 15,000 ரூபாய்.

கணக்கை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2025 சீசனில் 520 கிலோ. பாதியை மொத்தமாகக் கொடுத்தேன், கிலோ 150. பாதியைப் பாட்டிலில் அடைத்து 400க்கு விற்றேன். இன்னொரு வரவு, கார்த்திகை, மார்கழியில் கூட்டத்தைப் பிரித்து விற்பது. சீனி, பாட்டில், பெட்டி பழுது, ஏற்றுக்கூலி, பெட்டி வைக்க இடம் தந்த விளைக்காரர்களுக்குப் பத்துப் பெட்டிக்கு ஒரு கிலோ தேன் எல்லாம் போக, மாதத்துக்குப் பங்கிட்டால் பதினாலாயிரம் வரும். மஸ்கட்டில் வாங்கியதில் கால்வாசி. வீட்டுக் கடன் முடிந்ததால் ஓடுகிறது.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது விலை ஏறும் என்று பேசிக்கொண்டார்கள். மொத்த வியாபாரியிடம் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. அந்தக் குறியீட்டை லேபிளில் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியாகப் பதிய வேண்டும். அந்த வேலை இன்னும் பாக்கி.

வாடிக்கையாளர் சங்கடங்கள் தனி. லிட்டர் பாட்டிலைக் கொண்டுவந்து கிலோ விலைக்குக் கேட்பார்கள். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய ஒரு கிலோ நானூறு கிராம் என்று தராசில் வைத்துக் காட்ட வேண்டும். தேன் உறைந்தால் சீனி கலந்தது என்பார்கள். ரப்பர் தேன் சீக்கிரமே உறையும், வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும் என்று லேபிளிலேயே அச்சடித்துவிட்டேன். படிப்பவர்கள் குறைவு. தீக்குச்சியைத் தேனில் முக்கி உரசிப் பார்த்த ஒரு மாமாவிடம் நான் ஒன்றும் பேசவில்லை.

போன மாதம் மனைவியின் சித்தப்பா மகன் ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணினான். வயது 46. “அத்தான், தை மாசம் வாறேன், ஐம்பது பெட்டி ரெடி பண்ணி வையுங்க.” தையில் வந்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். லீவு போட்டு ஆடியில் பத்து நாள் வா என்றேன். முனகினான், ஆனால் வந்துவிட்டான்.

நேற்று மாலை சாரலில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு என் பின்னாலேயே அறுபது பெட்டிக்கும் பாகு ஊற்றினான். நாற்பதாவது பெட்டியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டி முட்டை தெரிகிறதா என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கி, சட்டத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, மறுபடி தள்ளிப் பிடித்தான். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சாயா குடிக்கும்போது, பெட்டி எத்தனை வாங்கலாம் என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் மனைவி அடுக்களையிலிருந்து சொன்னாள்: “அதை அப்புறம் பாக்கலாம் தம்பி. ஊருக்குப் போனதும் உன் பெண்டாட்டிட்ட சொல்லு, தேங்கா திருவினா சிரட்டையைத் தூர எறியாண்டாம்னு.”