பெருக்கித் தர ஒரு கடிதம்: எம்.ஃபில். சேர்க்கையில் பட்ட பாடு

எம்.எஸ்சி. உளவியல் முடித்த கையோடு பெயர்ப்பலகை மாட்டிவிடலாம் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், அதற்குப் பெரும்பாலோர் போகும் வழி இரண்டாண்டு எம்.ஃபில். என்பது உறைத்தபோது, ஒரு பள்ளியில் ஆலோசகராகச் சேர்ந்து எட்டு மாதம் ஓடியிருந்தது. பெயர்தான் ஆலோசகர். ஆசிரியர் வராத வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்வது பாதி வேலை.

2024இல் விண்ணப்பித்தேன். நுழைவுத்தேர்வும் நேர்காணலும் தொல்லையில்லாமல் முடிந்தன. சான்றிதழ் சரிபார்ப்பில்தான் மாட்டிக்கொண்டேன். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். என் மதிப்பெண் பட்டியலில் இருந்ததோ 6.8 என்ற சி.ஜி.பி.ஏ. (பத்துக்குப் போடும் சராசரிப் புள்ளி) மட்டும்.

"பத்தால் பெருக்கினால் 68 தானே மேடம்?"

"நீங்கள் பெருக்கக் கூடாதும்மா. உங்கள் பல்கலைக்கழகம் பெருக்கித் தர வேண்டும்."

ஐந்து நாள் கெடு. விடியற்காலை பஸ் பிடித்துப் போனேன். தேர்வுப் பிரிவு எழுத்தர் பட்டியலைத் திருப்பி, பின்பக்கம் பொடியெழுத்தில் இருந்த சூத்திரத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இதிலேயே இருக்கிறதே, தனிக் கடிதம் எதற்கு?" நானும் அசடு வழிந்துகொண்டு திரும்பினேன். சேர்க்கை அலுவலகத்திலோ அந்தப் பக்கத்தின் நகல் செல்லாதாம். முத்திரையோடு கடிதம்தான் வேண்டுமாம்.

மீண்டும் அதே பஸ். இந்த முறை மனு, கட்டண ரசீது, மேலே சேர்க்கைக் கடிதத்தின் நகல். "நாளை மறுநாள் வாருங்கள்" என்றார். நாளையே கடைசி நாள் என்று சொல்லிவிட்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நாலரை மணிக்கு மூன்று வரிக் கடிதம் வந்தது. என் இனிஷியல் தவறு! அங்கேயே நின்று படித்துப் பார்த்ததால் பிழைத்தேன். இல்லையென்றால் மூன்றாவது பயணம்.

கடைசி செமஸ்டரிலேயே இந்தக் கடிதத்தை வாங்கி வைத்துவிடுங்கள். இன்னொன்று, நான் போன வழியை அப்படியே நம்ப வேண்டாம். எம்.ஃபில்.லை யு.ஜி.சி. 2022இலேயே நிறுத்திவிட்டது, மருத்துவ உளவியலுக்குக் கொடுத்த விலக்கும் 2025-26 சேர்க்கையோடு சரி. தொலைநிலைக் கல்வியில் உளவியல் நடத்தவும் 2025இல் தடை வந்துவிட்டது. எந்தப் படிப்பானாலும் பணம் கட்டுமுன் ஆர்.சி.ஐ. பட்டியலில் அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர்களின் "விரைவில் வந்துவிடும்" கணக்கில் சேராது.

அந்த மூன்று வரிக் கடிதத்தை ஆறு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பதிவுக்குப் போகும்போது கேட்டாலும் கேட்பார்கள்.