ஆற்காட்டு நவாபும் லண்டன் நேபாபும்

எங்க பக்கம் எவனாவது வேல வெட்டி இல்லாம சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கினு சுத்துனா போதும், "இவுரு பெரிய ஆற்காட்டு நவாபு, வந்துட்டாரு"ன்னு திண்ணையிலேர்ந்து ஒரு குரல் வரும். இதே கிண்டல இங்கிலாந்துக்காரன் 250 வருஷமா பண்ணிக்கினு இருக்கான், ஆனா அவன் கிண்டல் பண்ணது நவாப இல்ல, அவன் ஊரு ஆளயே.

வார்த்த நேபாப். மூலம் அரபி, நாயிப்னா பிரதிநிதி, அதோட பன்மைதான் நவாபா ஆச்சு, ஒரே ஆளா இருந்தாலும் மரியாதைக்கு பன்மை. டெல்லி பாதுஷா சார்பா ஒரு சீமைய பாத்துக்கறவரு, அவ்ளோதான். போர்ச்சுகீசுக்காரன் வாயில பூந்து வெளிய வந்தப்ப நபாபு, அங்கேர்ந்து இங்கிலீஷுக்குப் போயி நேபாப். 1600கள்ல அதுக்கு நம்ம ஊரு பெரிய அதிகாரின்னு மட்டும்தான் அர்த்தம், கேலி ஒண்ணும் கிடையாது.

கேலி வந்ததுக்கு வங்காளத்துக்கும் பங்கு உண்டு, நமக்கும் உண்டு. 1751ல கிழக்கிந்திய கம்பெனி ஆளு ராபர்ட் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைய புடிச்சிட்டு உள்ளயே 50 நாள் முற்றுகையில மாட்டிக்கினு கெடந்தான், சோத்த வெள்ளக்கார சோல்ஜருக்கு குடுத்துட்டு வடிச்ச கஞ்சிய நம்ம சிப்பாய்ங்க குடிச்சாங்கன்னு வெள்ளக்காரங்களே எழுதி வெச்சிருக்காங்க (இது எவ்ளோ நெசமோ, எழுதுனது அவங்களாச்சே). கோட்டையில இப்ப மிச்சம்னு சொல்ல பாலாத்தங்கரை டெல்லி கேட்டுதான். அந்தச் சண்டையில ஆற்காட்டு நவாபா கம்பெனி தூக்கி நிறுத்துன ஆளு முகமது அலி வாலாஜா, வாலாஜாபேட்டைக்கு பேரு குடுத்தவரு.

அப்புறம்தான் வெளையாட்டே. நவாபுக்காக சண்ட போட்ட செலவ கம்பெனி நவாபு தலையிலயே கட்டுது. அவருகிட்ட அவ்ளோ பணம் இல்ல, இருந்ததுலயும் 1768ல சேப்பாக்கத்துல அரண்மனை கட்டிட்டாரு. அதனால கம்பெனி உத்தியோகஸ்தன்கிட்டயே தனியா கடன் வாங்குனாரு, அதாவது கம்பெனி ஒரு பக்கம் பில்ல நீட்டுது, அதே கம்பெனி ஆளு இன்னொரு பக்கம் பணத்த நீட்டுறான், வட்டி நம்மூரு கந்துவட்டிக்காரனே கூச்சப்படுற ரேட்டு. அடமானம் இன்னா தெரியுமா, நெலம் நகை எல்லாம் இல்ல, ஜில்லாவோட வரி வசூல்! வெளையறதுக்கு முன்னாடியே அந்த நெல்லு மெட்ராஸ்ல யாரோ ஒரு தொரைக்கு எழுதியாச்சு, ஏர் புடிச்சவனுக்கு அந்த தொரை பேரு கூட தெரியாது. பால் பென்ஃபீல்டுன்னு ஒருத்தன், சாதா கம்பெனி வேலக்காரன், இதுல கொழுத்து ஊருக்குப் போயி பார்லிமெண்ட் சீட்டே வாங்குனான்.

இப்படி மூட்ட கட்டிக்கினு போனவங்களதான் லண்டன்ல நேபாப்னு கூப்ட்டாங்க. பரம்பரை பணக்காரனுக்கு இவங்கள கண்டாலே ஆவாது, நேத்து வரைக்கும் குமாஸ்தா, இன்னிக்கு மாளிகை வாங்குறான், ஓட்டுக்கு துட்டு குடுக்குறான்னு எரிச்சல். 1772ல நேபாப்னு பேரு வெச்சே ஒரு நாடகம் போட்டு கிழிச்சாங்க. 1785 பிப்ரவரில எட்மண்ட் பர்க் பார்லிமெண்ட்ல எழுந்து ஆற்காட்டு நவாப் கடன் பத்தி பேசுனது இன்னிக்கும் அச்சுல கெடைக்குது, பென்ஃபீல்ட வெச்சி செஞ்சிருப்பாரு. எனக்கு இதுல சிரிப்பு வர்ற எடம் இதுதான்: கடன் வாங்கி மூழ்குனவரோட பட்டத்த கடன் குடுத்து கொழுத்தவனுக்கு சூட்டுனாங்க.

கடன் கணக்கு தீரல. நவாப் 1795ல போய்ட்டாரு, 1801ல கம்பெனி நாட்டயே எடுத்துக்கிச்சு, 1805ல கடன்காரங்க சொல்றது நெசமா பொய்யான்னு பாக்க கமிஷன் போட்டா அதுவே 20 வருஷத்துக்கு மேல இழுத்துச்சு, கடைசில பெரும்பகுதி தேறாதுன்னு தள்ளிட்டாங்க. நவாப் பட்டமும் 1855ல முடிஞ்சிடுச்சு, அப்புறம் குடுத்தது ஆற்காடு இளவரசர் பட்டம், அந்தக் குடும்பம் இன்னிக்கும் ராயப்பேட்டை அமீர் மஹால்லதான்.

இங்கிலீஷ்ல மட்டும் நேபாப் சாவல. இந்தியா தொடர்பு மெல்ல கழண்டு வெறும் பெரிய மனுஷன், பணத்திமிரு புடிச்சவன்னு ஆயிடுச்சு. 1970ல அமெரிக்க துணை ஜனாதிபதி ஸ்பைரோ ஆக்னியூ, எப்பப் பாரு கொற சொல்றவங்கள திட்டணும்னு "நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகடிவிசம்"னு எதுகை மோனையா ஒரு வசனம் விட்டாரு, எழுதிக் குடுத்தது வில்லியம் சஃபையர். மூணே வருஷம், 1973ல ஆக்னியூ வரி ஏய்ப்பு கேஸ்ல மாட்டி பதவிய விட்டுட்டு போனாரு. பென்ஃபீல்டு கூட கடைசில திவாலாகி பாரிஸ்லதான் செத்தான்.