குன்னூர் ஏற்றத்துக்கு என்ன உடுத்துவது

நவம்பர் 3, திங்கள்

காலையில் அருவங்காட்டிலிருந்து குன்னூருக்கு இறங்கும்போது பெடல் மிதிக்கவே வேண்டியதில்லை. சிக்கலே அதுதான். கால் சும்மா இருக்க, காற்று மட்டும் நெஞ்சில் வந்து அறையும். சாயங்காலம் அதே ரோட்டில் ஏறும்போது ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்டும். நடுவில் ஆபீஸ் இருக்கிறது, அங்கே நாலு பேர் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருக்க வேண்டும். இறக்கம், ஆபீஸ், ஏற்றம் மூன்றுக்கும் ஒத்துவரும் உடுப்பை இந்த மலையில் யார் யோசிக்கிறார்கள், யார் தைக்கிறார்கள் என்று இந்த மழைக்காலம் முழுக்க எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன்.

இன்றைக்கு சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் நேற்றைய பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு இறங்கினேன். ஐரோப்பாவின் பழைய பந்தய வீரர்கள் மலை உச்சியில் வேடிக்கை பார்க்க நிற்பவர்களிடம் பேப்பர் வாங்கி, ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். காற்று உள்ளே வராது, செலவும் இல்லை. வெலிங்டன் தாண்டும் வரை நெஞ்சில் குளிர் தெரியவில்லை. சைக்கிள் உடுப்புக்கும் செய்தித்தாளுக்கும் இன்னொரு உறவும் உண்டு. டூர் தெ பிரான்ஸில் 1919இல் வந்த மஞ்சள் ஜெர்சி, பந்தயத்தை நடத்திய லோட்டோ பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானதால் வந்த நிறம். இத்தாலியப் பந்தயத்தின் ரோஸ் ஜெர்சி 1931இல் வந்ததும் அப்படித்தான், அங்கே பத்திரிகைத் தாளே ரோஸ்.

நவம்பர் 5, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் குன்னூர் மார்க்கெட் வாசலில் நின்று, போகிற வருகிறவர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். சாரல்.

எஸ்டேட்டிலிருந்து நேராக வந்த பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பட்டன் வரை பூட்டியிருந்தார்கள். தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப். மூட்டை இறக்குபவர் லுங்கியை மடித்துக் கட்டி, மேலே கைவைத்த ஸ்வெட்டர், காலில் கம் பூட்ஸ். வயதான படுகர் இனப் பெண்மணி ஒருவர் வெள்ளை முண்டும் வெள்ளைத் தலைத்துணியுமாக, சேற்றுத் தண்ணீர் ஓடும் அந்தத் தெருவில் ஒரு கறை படாமல் நடந்து போனார். துணியை எந்த இடத்தில் எவ்வளவு தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. இவர்களில் யாரும் ஃபேஷன் என்று நினைத்து உடுத்தவில்லை. ஆனால் நிறமும் அடுக்கும் அளவும் அவ்வளவு தீர்மானமாக இருக்கின்றன.

நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் என்றொரு புகைப்படக்காரர் இருந்தார். 2016இல் இறந்தார். பல பத்தாண்டுகள் சைக்கிளிலேயே சுற்றித் தெருவில் போகிறவர்களின் உடுப்பைப் படம் எடுத்து நியூயார்க் டைம்ஸில் போட்டவர். அவர் உடம்பில் எப்போதும் ஒரே நீலச் சட்டைதான். பிரான்ஸில் தொழிலாளிகள் வேலைக்குப் போடுவது. பாக்கெட் நிறைய இருக்கும், அழுக்குத் தெரியாது, கிழிந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். மழைக்கோட்டு கிழிந்தால் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்வார். பெரிய பெரிய டிசைனர்களின் ஷோவுக்கும் அதே சட்டையில்தான் போனார். வேலைக்குப் போடும் உடுப்பிலிருந்துதான் தெரு ஸ்டைல் பிறக்கிறது என்று நான் நம்புவதற்கு அவர் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை சனிக்கிழமை பார்க்கப் போகிறேன்.

நவம்பர் 8, சனி

மார்க்கெட்டுக்கு மேலே ஒரு மாடி அறை. ஒரு தையல் மிஷின், ஒரு ஓவர்லாக், ஆணியில் தொங்கும் காகித பேட்டர்ன்கள். அங்கே தைக்கும் பெண் திருப்பூரில் ஃபேஷன் டிசைன் படித்து, அங்கேயே ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை பார்த்து, ஊர் திரும்பியிருக்கிறாள். பெயர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. அம்மா டான்டீயில் கொழுந்து பறிக்கிறார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு ஆரம்பித்த தேயிலைத் தோட்டங்கள் அவை. இவளுடைய தாத்தா பாட்டியும் அப்படி வந்தவர்கள்தான்.

"அக்கா, இது எங்கம்மாவோட படங்கு" என்று சுவரிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தேயிலைக் கிளை குத்தாமலும் பனி ஈரம் புடவையில் ஏறாமலும் இருக்க, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தார்ப்பாய்த் துண்டு. கனமாக இருந்தது, ஓரமெல்லாம் தேயிலைக் கறை. அதைப் பார்த்துத்தான் இவள் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஒன்று தைத்திருக்கிறாள்.

மழையில் சைக்கிள் ஓட்டினால் முதலில் நனைவது தொடை. உட்கார்ந்திருக்கும்போது அதுதானே மேல் பார்த்து இருக்கிறது. மழை பேன்ட் போட்டால் ஏற்றத்தில் உள்ளே வேர்த்து, வெளி மழையைவிட அதிகமாக நனைக்கும். படங்கு முன்பக்கத்தை மட்டும் மூடுகிறது, பின்னால் திறந்து கிடப்பதால் சூடு வெளியே போய்விடும். பை தைக்கும் கம்பெனியில் மிஞ்சிய, உள்பக்கம் பூச்சுப் போட்ட நைலானில் இதைத் தைத்திருக்கிறாள். முன்பக்கம் ஒரே துண்டு, நடுவில் தையலே இல்லை. ஊசி குத்திய ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும், அதனால் தையலையெல்லாம் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட்டாள். செயின் வலது பக்கம் ஓடுவதால் முடிச்சும் திறப்பும் இடது பக்கம். வலது ஓரத்தை உள்ளே மடித்து, முழங்காலோடு நிற்கும்படி ஒரு எலாஸ்டிக் பட்டை.

நீளத்தைத் தீர்மானித்தது அம்மா. கட்டிப் பார்த்துவிட்டு, "முட்டிக்குக் கீழ நாலு வெரக்கடை வரணும் பாப்பா. இல்லன்னா தண்ணி நேரா பூட்ஸுக்குள்ள எறங்கிரும்" என்றாராம். இரண்டாவது சாம்பிளில் நாலு விரற்கடை கூட்டியிருக்கிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன், வித்தியாசம் கண்ணாடியாகத் தெரிகிறது. இடுப்பில் அது விழுகிற விதம் அழகாகவும் இருக்கிறது. சுடிதார் பேன்ட்டுக்கு மேலே கட்டிக்கொண்டு அப்படியே கடைக்குள் போகலாம்.

நவம்பர் 12, புதன்

விடாத மழை. மரம் விழுந்து ரோடு மூடல். சைக்கிளை ஆபீசிலேயே பூட்டிவிட்டு நடந்தும் பஸ்ஸிலுமாக வீடு வந்தேன்.

வழியில் ஒன்று கவனித்தேன். மேகம் இறங்கியிருந்த ரோட்டில் எதிரே வந்தவர்களில், பளீர் மஞ்சள் மழைக்கோட்டு போட்டவர் ஆறு மணி வரை தூரத்திலிருந்தே தெரிந்தார். இருட்டியதும் அந்த மஞ்சள் செத்துவிட்டது. ஃப்ளோரசன்ட் சாயம் பகல் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் மின்னும், பகல் போனால் அதற்கு வேலையில்லை. ராத்திரிக்கு வேண்டியது, வண்டி லைட்டை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பட்டை. அதையும் முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் ஒட்டினால் நல்லது. மேலும் கீழும் போகும் கணுக்காலைப் பார்த்த மாத்திரத்தில் டிரைவரின் கண் 'ஆள்' என்று பிடித்துக்கொள்ளும், அசையாத பட்டை மைல்கல்லாகவும் இருக்கலாம். சனிக்கிழமை பெண்ணிடம் சொல்ல வேண்டும்: பேன்ட் ஓரத்தை மடித்தால் உள்ளே பட்டை தெரிகிற மாதிரி ஒரு மடிப்பு. ஆபீசில் இறக்கிவிட்டால் சாதா பேன்ட்.

நவம்பர் 16, ஞாயிறு

ஊட்டிக்கு பஸ்ஸில் போனேன். தாவரவியல் பூங்கா பக்கத்தில் திபெத்தியர் ஸ்வெட்டர் கடைகள். சரக்கு பெரும்பாலும் லூதியானாவில் பின்னியது, அதிலும் அக்ரிலிக்தான் அதிகம். பார்க்கக் கம்பளி மாதிரி இருக்கும், ஏற்றத்துக்கு ஆகாது. நல்ல கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் உடம்பில் சில்லென்று ஒட்டாது. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு, இறக்கத்தில் ஐஸாகிவிடும். சமவெளியிலிருந்து வருகிற நண்பர்களிடம் நான் முதலில் சொல்வதே இதுதான்: பனியனைக் கழற்றி வையுங்கள், மெல்லிசாக ஒரு கம்பளி உள்சட்டை போடுங்கள்.

சேரிங் கிராஸில் ஒரு சைக்கிள் குழு வந்து இறங்கியது. கறுப்பு லைக்ரா, பின்னால் மூன்று பாக்கெட் வைத்த ஜெர்சி, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த களைப்பு. டீக்கடையில் ஒரு பெரியவர் அவர்களைப் பார்த்து, "என்னப்பா, பாதி டிரெஸ்ஸை மறந்துட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்க, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நான் லைக்ராவுக்கு எதிரி இல்லை. 1958இல் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்த அந்த இழை இல்லாவிட்டால், மணிக்கணக்கில் சீட்டில் உட்கார்ந்து தொடை உரசிப் புண்ணாகியிருக்கும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணம் மாதிரி, நாள் முழுக்க ஓட்டி மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்களுக்கு அதுதான் சரியான உடை. ஆனால் சைக்கிளில் காய் வாங்கப் போகிறவளும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சரும் பந்தய வீரர் வேஷம் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கடைகளில் அவர்களுக்கு என்று ஒன்றுமே கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் மாடி அறை டிசைனர்கள் வர வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

இன்று கோபம். ரைடு ஏற்பாடு செய்யும் ஒருவர் அந்தப் பெண்ணுக்கு போன் செய்து, தோடர் பூவேலையைப் படம் பிடித்து ஜெர்சி முழுக்க பிரின்ட் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறார். வெள்ளை பாலியஸ்டரில் சப்ளிமேஷன் பிரின்ட். படத்தைத் தாளில் அச்சடித்து, சூட்டில் துணிக்கு ஏற்றினால் ஒரு நாளில் நூறு ஜெர்சி வந்துவிடும்.

தோடர் பெண்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த யோசனையே வராது. வெள்ளைப் பருத்தித் துணியில் கோடு வரைவதில்லை, சட்டம் மாட்டுவதில்லை. நெசவின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணிக் கறுப்பும் சிவப்பும் நூலை ஓட்டுகிறார்கள். ஒரு இழை தப்பினால் கோலமே சாய்ந்துவிடும். அப்படி வேலை செய்த பூத்துக்குளி என்னும் போர்வையைத் தடவிப் பார்த்தால் நூல் மேடு மேடாக விரலில் தட்டும். இரண்டாயிரம் பேர் அளவே இருக்கும் ஒரு சமூகத்தின் கைவேலை அது. 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அதை போட்டோ எடுத்து அச்சடித்தால் அந்தப் பெண்களுக்கு ஒரு ரூபாய் போகாது.

"நான் முடியாதுன்னுட்டேன் அக்கா. அவங்ககிட்டயே காசு குடுத்து சின்னச் சின்னப் பட்டையா போடச் சொல்லி வாங்குங்க, நான் ஹேண்டில்பார் பையில வச்சுத் தச்சுத் தர்றேன்னேன்" என்றாள். நூறு ஜெர்சி ஆர்டர் கைவிட்டுப் போவது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை, இந்த மாத வாடகை அதில் இருக்கிறது. அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

மாடி அறையில் பாவாடைப் பேச்சு. ஷாலும் பாவாடையும் சக்கரத்தில் சிக்குவதுதான் பெண்கள் சைக்கிளின் பழைய பயம். நம் பிள்ளைகள் ஷாலைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு சமாளிக்கிறார்கள். லண்டன் பிரிக்ஸ்டனில் ஆலிஸ் பைக்ரேவ் என்ற தையல்காரப் பெண் 1895இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். பாவாடையின் முன்னும் பின்னும் தையலுக்குள் கயிறு. இடுப்பில் இழுத்தால் துணி மேலே சுருங்கி ஏறும், இறங்கி நடக்கும்போது விட்டால் முழு நீளம். சைக்கிள் வேறு, சபை வேறு என்று இரண்டு உடுப்பு வாங்காமல் ஒன்றையே இரண்டாக்கிய புத்தி அது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, ஆயிரக்கணக்கான பெண்கள் புடவையிலும் தாவணியிலுமே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். உடுப்பு மாறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தத் தைரியத்துக்கு ஏற்ற துணியை அவர்களுக்கு யாரும் தைத்துக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இவள் இப்போது திருப்பூர் கட் பீஸ் துணியில் கயிறு வைத்த பாவாடை ஒன்று வெட்டிப் பார்க்கிறாள். கயிறு நழுவாமல் நிற்க, மழைக்கோட்டில் வருகிற அழுத்துப் பூட்டு போட்டிருக்கிறாள். துண்டுத் துணியில் நிறம் மாறி மாறி வருவதை மறைக்காமல், பட்டை பட்டையாக அடுக்கியிருக்கிறாள். எக்ஸ்போர்ட் ஆலைகளில் மிஞ்சும் துணியை வைத்தே தில்லியில் டூடுலேஜ் ஒரு பிராண்டை நிலைநிறுத்தியிருக்கிறது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போகிற திருப்பூர் நமக்குக் கீழேயே இருக்க, துணிக்கு இங்கே பஞ்சமே வராது.

நவம்பர் 29, சனி

விலைப் பேச்சு. படங்குக்கு 600 ரூபாய் போட்டிருந்தாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துணி, எலாஸ்டிக், பக்கிள், மிஷின் கரன்ட், அரை நாள் உழைப்பு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கூட்டச் சொன்னேன். அவள் கூலியை எழுதாமலே விட்டிருந்தாள். எழுதிக் கூட்டியதும் 850 வந்தது. "ஆன்லைன்ல முந்நூறு ரூபாய்க்கு ரெயின்கோட்டே கிடைக்குதே, யாருக்கா வாங்குவாங்க?" என்றாள். அந்த ரெயின்கோட்டு ஒரு மழைக்காலத்தில் கக்கத்தில் கிழியும், கிழிந்தால் தைத்துத் தர ஆளில்லை. இவளிடம் கிழிந்தால் மாடி ஏறினால் போதும். அதையே அட்டையில் எழுதி வைக்கச் சொன்னேன்: எப்போது கிழிந்தாலும் இலவசமாகத் தைத்துத் தரப்படும்.

850க்கே முதல் ஆர்டர் வந்தும்விட்டது. கேத்தி பக்கமிருந்து ஒரு டீச்சர், தனக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று. கணுக்கால் மடிப்பு வைத்த பேன்ட்டும் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கும் அதே நைலானில், பட்டை இல்லாமல், லேசாக ஒன்று தைக்கிறாளாம். தார்ப்பாயின் கனத்தில் சாயங்காலம் இடுப்பு விட்டுப்போகிறது என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமை துணி வெட்டுகிறாள். என்னுடையதில் இடது பக்கம் போன் போகிற அளவுக்கு ஒரு பாக்கெட் கேட்டிருக்கிறேன், மேலே மூடி வைத்து.