‘இனி வரமாட்டேன்’ என்று எழுதியவருக்கு எத்தனை மார்க்?

சமூகப் பொறுப்புப் பாடத்தில் மாணவர்கள் தங்கள் களப்பணி பற்றி எழுதும் கட்டுரைகளை வேல்யூ ரூப்ரிக் என்ற மதிப்பீட்டு அட்டவணையை வைத்துத் திருத்துகிறோம். குடிமைப் பங்கேற்புக்கான அந்த அட்டவணையில் ஆறு வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை நிலைகள். ஐந்தில் பெரிய சண்டை வருவதில்லை. மூன்றாவதான ‘குடிமை அடையாளமும் ஈடுபாடும்’ வந்ததும் குரல் ஏறிவிடும்.

அன்று மேசையில் இருந்தது, முதியோருக்குக் கைபேசி கற்றுத்தரப் போன மாணவர் ஒருவரின் கட்டுரை. பெயரை மறைத்துத்தான் திருத்துகிறோம். “அவர்களுக்குத் தேவைப்பட்டது கைபேசிப் பாடம் அல்ல, விண்ணப்பம் நிரப்பித்தர ஓர் ஆள். நாங்கள் போய் நின்றதால் அலுவலகம் அந்த ஆளைப் போடாமல் தப்பித்துக்கொண்டது. இனி இப்படிப்பட்ட பணிக்கு வரமாட்டேன்” என்று முடித்திருந்தார்.

அந்த வரிசையில் நான் போட்டது 4. உடன் திருத்தியவர் போட்டது 1.

“சார், பொதுப்பணியில் தொடர்ந்து ஈடுபடும் உறுதி தெரிந்தால்தான் 4. இவர் வரவே மாட்டேங்கிறாரே?”

“எதுக்கு வரமாட்டேங்கிறார்னு பாருங்க, மேடம்.”

“அது நீங்க படிச்சுக்கிட்டது. தாளில் எங்க இருக்கு?”

இரண்டு நிலையோ அதற்கு மேலோ இடைவெளி வந்தால் மூன்றாமவர் திருத்த வேண்டும். அவர் 3 போட்டார்; கூட்டம் அடுத்த தாளுக்குப் போய்விட்டது. ரூப்ரிக்கின் வாசகத்தை வைத்துப் பார்த்தால் அந்த அம்மா கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளில் பொறுப்பு இல்லை என்று எப்படிச் சொல்வது? சேவை என்ற பெயரில் யாருடைய கடமை யார் தலையில் விழுகிறது என்று யோசித்தவர் அந்தத் தாள்கட்டில் அவர் ஒருவர்தான்.

அதைவிட உறுத்துவது மற்ற தாள்கள். “இந்த அனுபவம் என் வாழ்க்கையையே மாற்றியது, இனி சமூகத்துக்காக உழைப்பேன்” என்று எழுதியவர்களுக்கு இருவருமே யோசிக்காமல் 3 போட்டிருந்தோம். தகராறே இல்லை. எல்லாருக்கும் 3 போட்டால் உடன்பாட்டுச் சதவீதம் தானாகவே ஏறும். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடும் கோஹனின் காப்பா என்ற அளவீட்டைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் 2009-இல் இந்த ரூப்ரிக்குகளை வெளியிட்டபோதே, நிறுவன அளவில் கற்றலை மதிப்பிடவே இவை, மார்க் போட அல்ல என்று எழுதி வைத்தது. 1 என்பது தொடக்கநிலை, 4 என்பது பட்டம் முடிக்கும் நிலை. இதைச் சதவீதமாக்கினால் முதலாண்டு மாணவர் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்துகொண்டு 25 வாங்கி ஃபெயில் ஆவார். இது தெரிந்தேதான் மார்க்காக மாற்றுகிறோம். மார்க் இல்லாத பகுதியை மாணவர்கள் தொடமாட்டார்கள் என்பது எங்கள் தரப்பு நியாயம், அதுவும் பொய்யில்லை.

களப்பணி மணிநேரத்துக்கு மார்க் போடுவது இன்னும் மோசம். கையெழுத்துத் தாள் நிரம்பும், அவ்வளவுதான்.

ஓரளவு பலன் தந்தது கேள்வியை மாற்றியது. ‘என்ன உணர்ந்தீர்கள்?’ என்று கேட்டால் உருக்கம்தான் வரும். இப்போது கேட்பது வேறு: யாரிடம் பேசினீர்கள்? அவர் சொன்னதில் உங்கள் எண்ணத்துக்கு எதிராக இருந்தது எது? அதன்பின் திட்டத்தில் எதை மாற்றினீர்கள், அல்லது ஏன் மாற்றவில்லை? இந்தப் பணியால் யாருக்கு வேலை மிச்சமாயிற்று? முதல் பதிலில் ஓர் ஆளும் அவர் சொன்ன சொல்லும் இல்லையென்றால் மேற்கொண்டு எவ்வளவு உருகினாலும் 2-ஐத் தாண்டாது. திருத்தும் முன், ஏற்கெனவே மதிப்பிட்ட மாதிரித் தாள்கள் மூன்று நான்கை எல்லாரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுகிறோம். அவற்றில் ஒன்றாவது ‘வரமாட்டேன்’ வகைத் தாளாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

ஈடுபாட்டு வரிசையை மார்க்கிலிருந்து எடுத்துவிட்டோம். மதிப்பிட்டுத் துறைக்கு மட்டும் அனுப்புகிறோம். போலி உறுதிமொழிகள் குறைந்தன. கூடவே அந்தப் பகுதி அரைப்பக்கத்திலிருந்து இரண்டு வரியாகச் சுருங்கியது. “சமூகப் பொறுப்புன்னு பேர் வெச்ச பாடத்துல பொறுப்புக்கு மட்டும் மார்க் இல்ல” என்று அந்த அம்மா இப்போதும் சொல்கிறார். பகுப்பாய்வுக்குப் போடுகிறோமே என்பேன். பகுப்பாய்வு நன்றாகச் செய்துவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பவருக்கும் அதே 4-ஆ என்று கேட்கிறார். இப்போதைய திட்டப்படி ஆமாம், அதே 4-தான்.