யார் சொன்னது?

நாளிதழில் சேர்ந்த முதல் மாதமே ஒரு தவறு செய்தேன். ஏஜென்சி செய்தியை மொழிபெயர்த்தபோது, இடம் போதவில்லை என்று கடைசியில் இருந்த ‘என்று போலீசார் தெரிவித்தனர்’ என்பதை வெட்டிவிட்டேன். கைதானவரைக் குற்றவாளி என்று எங்கள் பத்திரிகையே அறிவித்ததுபோல் ஆகிவிட்டது. செய்தி ஆசிரியர் கத்தவில்லை. “யார் சொன்னது தம்பி இது? நாமா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் எடை, வெளிநாட்டுச் செய்திப் பிரிவுக்கு மாறி, நிருபராக இருந்து அரசியலுக்கு வந்த தென்னாப்பிரிக்கர் ஹெலன் ஸில்லேயைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. 1977 செப்டம்பரில், நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் ஸ்டீவ் பிகோ போலீஸ் காவலில் இறந்தார். உண்ணாவிரதம்தான் காரணம் என்பதுபோல் பேசினார் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஜிம்மி க்ரூகர். ‘ராண்ட் டெய்லி மெயில்’ நிருபரான ஸில்லே, பிகோவுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். உண்ணாவிரதத்துக்கான அறிகுறியே இல்லை என்று செய்தி வந்தது. பத்திரிகையைத் தடை செய்வதாக க்ரூகர் மிரட்டினார். பிரஸ் கவுன்சிலும் பத்திரிகை மீதே குற்றம் கண்டு, திருத்தம் வெளியிட வைத்தது. பிகோ இறந்தது தலைக்காயத்தால் என்பது பின்னர் மரண விசாரணையில் உறுதியானது. அந்தத் திருத்தத்துக்கு யார் திருத்தம் போடுவது?

பின்னாளில் அரசியலுக்கு வந்த ஸில்லேக்கு வரிசையாகப் பதவிகள். 1999இல் மேற்கு கேப் மாகாணச் சட்டமன்றம், அங்கே கல்வித் துறைப் பொறுப்பு, 2004இல் நாடாளுமன்றம், 2006இல் கேப் டவுன் மேயர், அடுத்த ஆண்டு ஜனநாயகக் கூட்டணிக் கட்சியின் தேசியத் தலைவர், 2009 முதல் பத்தாண்டுகள் மாகாண முதல்வர்.

2017 மார்ச்சில், காலனி ஆட்சியின் விளைவுகள் எல்லாமே தீமை அல்ல, சுதந்திரமான நீதித்துறையையும் குழாய்த் தண்ணீரையும் பாருங்கள் என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். நிறவெறியில் நொந்த நாடு கொதித்தது. கட்சிப் பணிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டு, கடைசியில் மன்னிப்புக் கேட்டார்.

கருத்தே தவறு என்பார்கள் பலர். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால், என் தொழில்புத்தி வேறொன்றையும் கவனித்தது. நிருபராக அவர் எழுதியதை அச்சேறும் முன் யாரோ ஓர் உதவி ஆசிரியர் பேனாவும் கையுமாகப் படித்திருப்பார். முதல்வரின் கைப்பேசிக்கு அப்படி ஒருவர் இல்லை.

அன்றிரவு அந்த ட்வீட்டை மொழிபெயர்த்தது நான்தான். ‘என்று ஹெலன் ஸில்லே கூறியுள்ளார்’ என்று வரியை முடித்தேன். பக்கம் போகும் முன் அந்த ‘என்று’ இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.