தகரக் கொட்டகைத் தச்சுப் பட்டறைக்கு ஹீற்றர் தெரிவு செய்த விதம்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பீற்றர்பரோ நகருக்கு வெளியே, இயற்கை எரிவாயுக் குழாய் வந்து சேராத கிராமப்புற வீதி ஒன்றில் நாங்கள் வாங்கிய காணியில் ஒரு போல் பார்ன் இருந்தது. நிலத்தில் நட்ட மரக்கம்பங்களின் மேல் கூரைச் சட்டங்களை ஏற்றி, சுவரையும் கூரையையும் தகரத்தால் மூடிய கொட்டகை அது. நீளம் 40 அடி, அகலம் 30 அடி, உயரம் 12 அடி, தரை கொன்கிறீற். உழவு இயந்திரம் நின்ற அந்த இடத்தைத் தச்சுப் பட்டறையாக்குவதென்று தீர்மானித்தபோது, −20 பாகை செல்சியஸுக்கும் கீழே இறங்கும் இரவுகள் உள்ள ஊரில் அதை எதனால் சூடாக்குவது என்பதே முதற் கேள்வியாக வந்தது.

விற்பனை நிலையத்தில் தரையின் பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு, மணிக்கு 100,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் பிரித்தானிய அலகு) வெப்பம் தரும் ஹீற்றரைப் பரிந்துரைத்தார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லாததால் கணக்கை நானே போட்டேன். சுவர், கூரை ஒவ்வொன்றின் பரப்பளவையும் அதன் வெப்பக்காப்பு மதிப்பால் (ஆர் எண்; அது கூடக்கூட வெப்பம் வெளியேறுவது குறையும்) வகுத்து, உள்ளுக்கும் வெளிக்குமான வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்குவதுதான் முறை, கடினமானதல்ல. உள்ளே 15, வெளியே −20 என்று வைத்துப் பார்த்தால், வெறுந்தகரமாக இருக்கும்வரை மணிக்கு ஒன்றரை இலட்சம் பி.டி.யு.வுக்கு மேல் வெளியேறும். அதே கொட்டகையின் சுவரில் ஆர் 20 அளவுக்கும் உட்கூரையில் ஆர் 40 அளவுக்கும் வெப்பக்காப்பு இட்டால், கதவு, யன்னல், தரையின் விளிம்பு, இடுக்குகளால் நுழையும் காற்று அனைத்தையும் சேர்த்தும் இழப்பு 22,000 அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே ஹீற்றருக்கென ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதி கண்ணாடியிழைப் பஞ்சுக்கும், அதன் உட்புறத்தில் இடைவெளியின்றி ஒட்டிய ஆவித்தடுப்புத் தாளுக்கும் போயிற்று. அந்தத் தாளைத் தவிர்த்தால், உள்ளிருக்கும் ஈரக்காற்று பஞ்சைக் கடந்து குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிச் சொட்டும். உட்கூரைக்கு மேலே காற்றோட்டம் தடைப்படாதபடி கூரை ஓரத்துத் துவாரங்களையும் திறந்தே விட்டோம்.

முன்னைய உரிமையாளர் விட்டுச்சென்ற, கொள்கலனில் வாங்கும் புறொப்பேன் என்ற எரிவாயுவில் இயங்கி நெருப்பை முன்னால் ஊதும் ஹீற்றர் ஒன்று மூலையில் கிடந்தது. விலை குறைவு, சூடோ உடனே வரும். ஆனால் புகைபோக்கி இல்லாமல் எரியும் ஒவ்வொரு லீற்றர் புறொப்பேனும் ஏறத்தாழ 0.8 லீற்றர் நீரை ஆவியாகப் பட்டறைக்குள்ளேயே விடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஆவி குளிர்ந்திருக்கும் வாள் மேசையின் வார்ப்பிரும்பில் படிந்து துருவாகும். காபனோரொட்சைட்டு ஆபத்தும் மரத்தூள் பறக்கும் இடத்தில் திறந்த சுவாலை எரிவதும் இருக்கவே இருக்கின்றன. விறகடுப்பின் மேல் எனக்கு ஆசை இருந்தது; மரவேலையில் மிஞ்சும் துண்டுகளே எரிபொருளாகிவிடும். காப்புறுதி நிறுவனத்தை அழைத்துக் கேட்டதும் அந்த ஆசை முடிவுக்கு வந்தது.

தரைக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டும் முறையே நின்று வேலை செய்பவரின் கால்களுக்கு மிகவும் இதமானது என்பது என் கருத்து. எனினும் அதைக் கொன்கிறீற் வார்க்கும் முன்பே, அடியில் நுரைப்பலகை விரித்துச் செய்திருக்க வேண்டும். எங்கள் தளமோ பழையது. கூரையிலிருந்து தொங்கும் அகச்சிவப்புக் குழாய் ஹீற்றர், பெருங்கதவு அடிக்கடி திறக்கும் வாகனத் திருத்தகத்துக்குப் பொருத்தமானது. பலகைகளை உயர அடுக்கும் இடத்தில் அதற்குக் கீழே விடவேண்டிய இடைவெளி தடையாகிறது.

எஞ்சியவை, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே கடத்தும் வெப்பப் பம்பியும், புகையை வெளியே விட்டுக் காற்றைச் சூடாக்கி ஊதும் புறொப்பேன் ஹீற்றரும். ஒரு லீற்றர் புறொப்பேனில் ஏறத்தாழ 7 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் உண்டு; 80 வீதத் திறனில் எரிந்தால் ஐந்தரை அலகு கையில் வரும். குளிர்நாட்டுக்கென வடிவமைத்த நல்ல வெப்பப் பம்பி −15 பாகையிலும் வாங்கும் மின்சாரத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு வெப்பம் தரும். உங்கள் ஊர் விலைகளை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தால் செலவு தெளிவாகும். நாள்தோறும் வேலை நடக்கும் பட்டறையென்றால் நான் பம்பியையே எடுத்திருப்பேன். வார இறுதியில் மட்டும் 5 பாகையிலிருந்து 15க்கு விரைவாக ஏற்ற வேண்டிய எனக்கு அதன் நிதானம் ஒத்துவரவில்லை. மெல்லிய மரத்தூள் அதன் உள்ளலகில் அடைவதும் ஒரு தொல்லை.

தீர்ப்பை உண்மையில் எழுதியது தூசு உறிஞ்சும் இயந்திரம். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 கனவடி காற்றை இழுக்கிறது. பட்டறையின் மொத்தக் கொள்ளளவே 14,400 கனவடி. அந்தக் காற்றை வெளியே தள்ளினால் கால் மணி நேரத்துக்குள் சூடாக்கிய காற்று முழுவதும் போய்விடும். கடுங்குளிரில் அந்த இழப்பு மட்டும் மணிக்கு 68,000 பி.டி.யு., அதாவது கட்டடத்தின் இழப்பைப் போல் மும்மடங்கு. அதோடு, உள்ளே உருவாகும் உறிஞ்சல் சாதாரண ஹீற்றரின் புகையைப் புகைபோக்கி வழியே கீழிழுத்து அறைக்குள் கொண்டுவரவும் கூடும். எனவே நுண்தூளையும் பிடிக்கும் வடிகட்டி பொருத்திக் காற்றை உள்ளேயே திருப்பிவிட்டேன். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து தனிக்குழாயால் எடுத்து, புகையையும் வெளியே அனுப்பும் மூடிய எரியறை கொண்ட 45,000 பி.டி.யு. ஹீற்றரைத் தெரிவு செய்தேன். அதில் 36,000 அளவு வெப்பம் உள்ளே வருகிறது; இழப்பை ஈடுசெய்து, குளிர்ந்த இரும்பையும் மரத்தையும் சூடேற்ற அது தாராளம்.

எரிவாயு வேலையை ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரமுள்ள தொழில்நுட்பவியலாளரே செய்யலாம். அவர் ஒரு 420 இறாத்தல் புறொப்பேன் கொள்கலனுக்குப் பதிலாக இரண்டை இணைக்கச் சொன்னார். கடுங்குளிரில் பாதி காலியான கொள்கலனில் புறொப்பேன் ஆவியாகும் வேகம் குறைந்து, ஹீற்றருக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகலாம். ஆளில்லாத நாட்களில் 5 பாகையில் விட்டுவைப்பதால் நீர் கலந்த வார்னிஷும் பசையும் உறைவதில்லை. ஆனால் பசை பூசும் நாளுக்கு முந்திய இரவே சூட்டை ஏற்றிவிடுகிறேன்; காற்று 15 பாகைக்கு வந்த பின்பும் அடுக்கிய பலகை வெகுநேரம் குளிர்ந்தே கிடக்கும், பெரும்பாலான மரப்பசைகள் 10 பாகைக்குக் கீழே சரியாக ஒட்டுவதுமில்லை.